ஹவுஸ்கோட்டில் ஒரு படம்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் வசிக்கும் போலந்துப் பெண் ஓவியர் தம் படங்களின் முன்பக்கத்தில் எதுவும் எழுதுவதில்லை. பெயர்கூட இல்லை. படத்தைத் திருப்பினால், துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மேல்விளிம்பில் பென்சிலால் ஒரு திருநாளும் ஓர் ஆண்டும் எழுதியிருக்கும். சூசையப்பர் திருநாள். பதுவை அந்தோனியார் திருநாள். சகல ஆத்துமாக்கள் தினம். போலிஷ் மொழியில்தான் எழுதுவார். ஆனாலும் இலங்கையின் மன்னாரில் வளர்ந்த என்னைப் போன்ற ஒரு கத்தோலிக்கனுக்கு அவற்றை வாசிக்க அகராதியின் உதவி அதிகம் தேவைப்படவில்லை.

அந்தத் திருநாட்களை நான் வாசிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கண்காட்சி. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள ஒரு கலாசார மண்டபத்திலிருந்து ஓர் இளம் பெண் இலையுதிர் காலத்தில் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். மேல்மாடி ஓவியரின் வாழ்நாள் படங்களை மண்டபத்தில் வைக்க வேண்டும் என்றார். காலவரிசைப்படி ஒரு விவரமும் ஒவ்வொரு படத்துக்கும் சில வரிக் குறிப்பும் கேட்டார். ஓவியர் தொண்ணூறைத் தாண்டியவர். தரையை விரலால் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். தேதி என்றால் அவருக்குப் பைத்தியம். அவரிடம் கேளுங்கள்."

சொன்னது தவறில்லை. துறைமுகத்தின் சரக்குக் கிடங்கில் வேலை செய்து ஓய்வுபெற்றதிலிருந்து, எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் தமிழ்ப் பூசை எந்த ஞாயிறு, எந்தக் குடும்பம் எந்தக் குளிர்காலத்தில் வந்து இறங்கியது என்பதெல்லாம் என்னிடம் உண்டு. சனம் தொலைபேசியில் கேட்கும்: "அண்ணை, எங்கடை மூத்தவனுக்கு எந்த வருசம் உறுதிப்பூசுதல் குடுத்தது?" பெற்றவர்களுக்கே மறந்துபோனதை நான் சொல்வேன்.

அதனால் இதையும் சுலபமாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கால் பக்கம் அகன்ற காற்சட்டையும் நீண்ட கிருதாவுமாக ஓர் இளைஞன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் படம். உடையைப் பார்த்தால் போலந்தில் வரைந்தது என்று எவரும் சொல்வார். பின்பக்கத்து ஆண்டோ இந்த நூற்றாண்டுக்குரியது. இன்னொரு படத்தில் கறுப்புக் கோட்டணிந்த ஒரு பெண், அவருடைய தாய். அதில் திருநாளே இல்லை.

"இவற்றை எப்போது வரைந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வரைந்த காலத்தை நான் எழுதுவதில்லை. வரைவதற்காக நாற்காலியில் இருந்தவர் படத்துக்கு முன்னால் வந்து நின்று, 'இது நான்தான்' என்று சொன்ன நாளைத்தான் எழுதுகிறேன். இவன் என் தம்பியின் சிநேகிதன். படத்தைப் பார்க்காமலே ஜெர்மனிக்குப் போய்விட்டான். வழுக்கைத் தலையும் பேரப்பிள்ளைகளுமாக மொன்றியலுக்கு வந்தபோதுதான் பார்த்தான். பார்த்துவிட்டு, நான்தான் என்றான்."

"அம்மா?"

"அம்மா சொல்லவில்லை."

சொல்லாதவர்களின் படங்களை அவர் எவருக்கும் காட்டுவதில்லை. தாயின் படத்தை என்னிடம் காட்டியதுகூட வேலைக்காகத்தான். உடனே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அவர் சமைக்கவும் வரையவும் பாவிக்கும் குசினியை அடுத்த சிறிய அறையில் அப்படிச் சுவரைப் பார்த்தபடி நின்ற படங்கள் பல. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு நாட்கள் போடுவது என்று முடிவு செய்தேன். தொடங்கிய குளிர்காலம் ஒன்று, இருந்தவர் ஒப்புக்கொண்ட திருநாள் மற்றது. அந்த முறையை இன்றும் சரியென்றே சொல்வேன்.

குளிர்காலம் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. அவர் மனிதர்களை வரைவது குளிர்காலத்தில் மட்டும். குசினி யன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. கோடையில் அதன் இலைகளூடாக வரும் வெளிச்சத்தில் எல்லா முகங்களும் பச்சையடித்துப் போகும் என்பார். அதனால் இலை கொட்டி முடிந்த பிறகே தூரிகையை எடுப்பார். துளிர் விட்டதும் கழுவி வைப்பார். முதலில் மேசையின் விளிம்பு, பிறகு கைகள், கடைசியில்தான் முகம். எண்ணெய் வர்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூசிக் காயவிடுவார். ஒரு படம் இரண்டு மூன்று குளிர்காலங்கள் இழுபடும்.

அவருடைய வாழ்க்கையைக் குறிப்பில் எழுத வேண்டியிருந்ததால், பிற்பகல்களில் மேலே போய்க் கேட்டு எழுதினேன். போர் முடிந்தபோது அவர் சிறுமி. கிராகோவில் ஓவியம் படித்த காலத்தில் அரசுக்குப் படங்களில் சிரிக்கும் தொழிலாளிகள் தேவைப்பட்டார்கள். சில ஆண்டுகளில் காற்று மாறியது. கொடி பிடித்த கொத்தனார்களை வரைந்தவர்கள் எல்லோரும் மனித உருவத்தையே விட்டுவிட்டுத் துணியில் மணலும் தாரும் சாக்குத் துண்டும் ஒட்டத் தொடங்கினார்கள். இவரோ தொடர்ந்து நாற்காலியில் ஒரு மனிதரை இருத்தி வரைந்துகொண்டிருந்தார். "காலம் கடந்தவள் என்று அங்கே இரண்டு முறை சொன்னார்கள்," என்றார். "கனடாவுக்கு வந்ததும் மூன்றாம் முறையும் சொன்னார்கள். பழகிவிட்டது."

எண்பதுகளின் தொடக்கத்தில், இராணுவச் சட்டம் வந்த காலத்தில் போலந்தை விட்டுப் புறப்பட்டவர். நானும் அந்தப் பத்தாண்டில்தான் இங்கே வந்தேன். மொன்றியலில் அவருக்கு முதலில் கிடைத்த வேலை, துணிக்கடைகளில் நிற்கும் பொம்மைகளுக்குக் கண்ணும் வாயும் வரைவது. "நல்ல வேலை. அவற்றில் ஒன்றுகூட 'இது நானில்லை' என்று சொன்னதில்லை."

என் மனைவி அந்தக் குசினிக்குப் போய்வரத் தொடங்கியது இதற்கெல்லாம் முந்தி. ஒரு மார்கழியில் ஓவியர் வெளிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அதன் பிறகு காலையில் தேநீர்ப் போத்தலோடு மேலே போய்ப் பார்த்து வருவது மனைவியின் வழக்கமாயிற்று. மனைவி கார்டெரியில், அதாவது சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருடைய பிரெஞ்சு முழுவதும் அங்கே பிள்ளைகளிடம் பழகிய பிரெஞ்சு. ஆகவே தொண்ணூறு வயது மதாமிடம் (ஓவியரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அவர் பேசுவதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்: "உட்கார். சாப்பிடு. கை கழுவினாயா? சபாஷ்." மதாம் ஒழுங்காகக் கீழ்ப்படிவார்.

ஒருநாள் மனைவி கீழே இறங்கி வந்து, "மதாம் என்னைப் படமாக் கீறப் போறாவாம்," என்றார்.

"நல்ல விசயந்தானே."

"எந்தச் சாறி கட்டுறது?"

மகளின் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, சங்கிலி, காப்பு எல்லாம் போட்டு, கல்யாண வீட்டு வீடியோவுக்கு இருப்பவரைப் போல முதுகை நிமிர்த்தி இருந்தாராம். மதாம் எதிரில் இருந்து தேநீர் குடித்தார், பார்த்தார், வர்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. நாளைக்கு வா என்றார். மறுநாள் வேறொரு சேலை. அன்றும் தேநீர்தான்.

அடுத்த நாள் காலை மேல்வீட்டில் புகை எச்சரிக்கை மணி அலறியது. மனைவி போட்டிருந்த உடையோடு ஓடினார். எங்கள் பெண்கள் வீட்டில் போடும், முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்த நீண்ட பருத்தி அங்கிக்கு ஹவுஸ்கோட் என்று பெயர். மனைவியின் ஹவுஸ்கோட் நீலம், சிறிய வெள்ளைப் பூக்கள் போட்டது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் எப்போதோ விழுந்துவிட்டது. தைக்கிறேன் தைக்கிறேன் என்று சொல்லி அந்த இடத்தில் ஒரு சட்டைப்பின்னைக் குத்தி வைத்திருந்தார். காலில் கம்பளிக் காலுறை. அடுப்பில் பீட்ரூட் சூப் கரிந்துகொண்டிருந்தது. மனைவி அடுப்பை அணைத்து, யன்னலைத் திறந்து, மதாமைப் பிள்ளையை ஏசுவது போல ஏசிவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் இருந்தார்.

"அசையாதே," என்றார் மதாம். வர்ணப் பெட்டி திறந்தது.

"அசையாமல் இருக்கேலாது. என்ரை முருங்கையிலை கீழை கிடக்கு," என்று தமிழிலேயே சொன்னாராம். தரையைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, முருங்கையிலைத் தட்டத்தை மேலே கொண்டுவரச் சொன்னார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் படத்தில் மனைவி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

இரண்டு குளிர்காலங்களும் மூன்றாவதின் பாதியும் அந்த வேலை நடந்தது. மனைவி காலையில் ஹவுஸ்கோட்டோடு மேலே போவார். ஒருவர் இலை ஆய, மற்றவர் வரைவார். முடியும்வரை இருப்பவர் பார்க்கக் கூடாது என்பதால் படத்தின் முதுகுதான் எப்போதும் மனைவியின் பக்கம். ஏதோ வயது போன நேரத்துப் பொழுதுபோக்கு என்று அதை அவர் விட்டுவிட்டார். வெளியில் எவரும் பார்க்கப் போவதில்லை என்ற நினைப்பு.

தைமாதத்தில் கலாசார மண்டபத்துப் பெண் வந்து படங்களைத் தொலைபேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். குறிப்பு எழுத உதவும் என்று. இரவுச் சாப்பாடு முடிந்து, மனைவியிடம் காட்டினேன்.

"இஞ்சருங்கோ, இது என்ன?"

"உம்மடை படம்."

"படம் எண்டு தெரியுது. இதிலை நான் என்ன போட்டிருக்கிறன்?"

"வழக்கமாப் போடுறதுதான்."

"இதையோ அந்த மண்டபத்திலை தொங்கவிடப் போகினம்? கோயில் சனம் முழுக்க வரும். மாதர் சங்கத் தலைவி ஹவுஸ்கோட்டோடை தொங்கிறா எண்டு கதைப்பினம்."

"பெரிய பெரிய அருங்காட்சியகங்களிலையெல்லாம் வீட்டு உடுப்போடை இருக்கிற ஆக்களின்ரை படம்..."

"அவையள் செத்த ஆக்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகோணும்."

அந்த ஞாயிறு மகள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் வந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "செ மனிஃபிக், அம்மா, நல்ல வடிவு," என்றாள். தாய் முகத்தைத் திருப்பினார்.

"அம்மா, பிரெஞ்சிலை இதுக்கு ரொப் த ஷாம்ப்ர் எண்டு பேர். அப்பா குறிப்பிலை அப்பிடி எழுதட்டும். சனம் ஏதோ மகாராணி எண்டு நினைக்கும்."

"மகாராணி முருங்கையிலை ஆயிறாவோ?"

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவியபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "எவ்வளவு காலம் பனிக்குள்ளை விடிய எழும்பி, உடுப்பு மினுக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனனான். ஒருநாளும் இந்தக் கோலத்திலை வாசல் தாண்டேல்லை. கடைசியிலை இந்தக் கோலந்தான் மிஞ்சப் போகுதோ?"

மகள் துவாலையை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினாள். நான் மேலே போனேன்.

மதாமிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு யோசனையும் சொன்னேன். ஒரு சால்வை. தோளிலிருந்து மடிவரைக்கும் ஒரு நல்ல சால்வையை வரைந்துவிட்டால் எல்லோருக்கும் திருப்தி.

அவர் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த ஒரு சிறிய பென்சில் படத்தைக் காட்டினார். பல முறை பார்த்த படம். தாடையைச் சுற்றித் துணி கட்டிய, கனத்த தோள்களுள்ள ஒரு பெண். கிறிஸ்தவக் கன்னியர் யாரோ என்று நினைத்திருந்தேன்.

"பல்வலி," என்றார். "அவள் செங்கல் சுமப்பவள். கிராகோவுக்கு வெளியே உருக்காலைக்காகப் புதிய நகரம் கட்டினார்கள். மாணவர்களான எங்களை அங்கே வரைய அனுப்பினார்கள். நான் அவளை இப்படி வரைந்தேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, துணியைக் கழற்று, சிரிக்க வை என்றார். கழற்றினேன். சிரிக்க வைத்தேன். பெரிய எண்ணெய்ப் படம், பரிசுகூடக் கொடுத்தார்கள். கண்காட்சிக்கு அவள் கூட வேலைசெய்பவர்களோடு பார்க்க வந்தாள். தலையைச் சீவி, சுத்தமான உடை போட்டுக்கொண்டு வந்தாள். என் படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு பக்கத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: 'இதில் நான் எது?'"

சுவரில் சற்றுச் சாய்ந்திருந்த அந்தப் பென்சில் படத்தை நேராக்கினார்.

"இரண்டு காலைப் பொழுதில் ஒரு சால்வை வரைந்துவிடுவேன். அதற்குப் பிறகு உன் மனைவியும் வந்து அதைத்தான் கேட்பாள்."

"அப்படியானால் அவர் சொல்வது பிழையா?"

"பிழையில்லை. அது அவளுடைய முகம். அவள் சொல்லாமல் இந்தப் படம் வாசலைத் தாண்டாது. சுவரைப் பார்த்து நிற்கும். அப்படி நிற்கும் படங்கள் என்னிடம் இருக்கின்றன."

மண்டபத்தின் தரைப்படம் மேசைமேல் விரித்துக் கிடந்தது. எந்தச் சுவரில் எந்தப் படம் என்று பென்சிலால் குறித்திருந்தார். உள்ளே நுழைந்ததும் எதிரே வரும் சுவர் முழுவதும் ஒரே படத்துக்கு. அதை எடுத்தால் அங்கே எதை வைப்பது என்று கேட்டேன்.

"ஒன்றையும் வைக்கமாட்டேன். என் கை இதைவிட நன்றாக இனிமேல் செய்யாது. எனக்குத் தெரியும்."

பெருமையும் இல்லை, கவலையும் இல்லை. வெளியில் குளிர் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். கீழே வந்து செங்கல் சுமந்த பெண்ணின் கதையை மனைவிக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பொம்பிளைக்குப் பல்வலி மாறினதோ?"

எனக்குத் தெரியாது. மதாமிடம் கேட்கவும் இல்லை.

படங்களை ஏற்றும் வான் வண்டி பெப்ரவரி மூன்றாந் தேதி வருவதாக இருந்தது. முந்தின நாள் மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள். ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த நாள். மந்திரித்த மெழுகுதிரியைப் போலந்துக்காரரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இடி மின்னலுக்கு யன்னலில் ஏற்றி வைப்பார்களாம். எங்கள் ஊரிலும் புயல் நேரத்தில் அப்படி ஏற்றியது உண்டு. பனி உறைந்த படிகளில் மதாமால் இறங்க முடியாது. எனவே பூசை முடிந்ததும் மனைவி அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி வாங்கினார்.

"குடுத்திட்டு வாறன். படத்தைப் பாக்கமாட்டன்," என்றார். நானும் கூடப் போனேன். சப்பாத்தைக் கழற்ற ஒருவர் கைபிடிக்க வேண்டியிருந்தது என்பது ஒரு சாட்டு.

மதாம் மெழுகுதிரியை இரண்டு கையாலும் வாங்கி முத்தமிட்டார். குசினியில் மற்றப் படங்கள் எல்லாம் பொதி செய்யப்பட்டுச் சுவரோரம் நின்றன. ஒரு படம் மட்டும் வரையும் மரத் தாங்கியில் கதவைப் பார்த்தபடி இருந்தது. அதைப் பார்க்காமல் அந்தக் குசினிக்குள் எவரும் நிற்க முடியாது.

மனைவி பார்த்தார்.

தொலைபேசியில் நான் காட்டியது இந்தப் படம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதில் தெரிந்தது ஒரு நீல ஹவுஸ்கோட். இங்கே மேசை விளிம்பும், அதற்கு மேல் இரண்டு பெரிய கைகளும், இலைக்காம்பைக் கிள்ளும் விரல்களும், யாரோ ஏதோ சொல்ல அதற்குப் பதில் சொல்லப் போகும் முகமும் இருந்தன. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அடுத்து எனக்கு ஏச்சு விழும் என்று அறிவிக்கும் முகம்.

மனைவி குளிர்கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். உள்ளே பூசைக்குக் கட்டிய பச்சைச் சேலை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். கைகளைப் பார்த்தார். தட்டத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சுப் பக்கம் குனிந்து விரலை நீட்டினார்.

"தொடாதே, ஈரம்," என்றார் மதாம்.

"இஞ்சருங்கோ. இது என்ன?"

"பொத்தான்," என்றேன்.

"தெறி எண்டு எனக்கும் தெரியும். முத்துத் தெறி. என்ரை ஹவுஸ்கோட்டிலை இதிலை எங்கை தெறி இருக்கு? பின் அல்லோ குத்தியிருக்கிறன்?"

நானும் குனிந்து பார்த்தேன். மூன்றாவது இடத்தில், மற்றவற்றைவிடக் கொஞ்சம் மினுக்கமாக, முத்து நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. மண்டபத்துப் பெண் படம் பிடித்த நாளில் அது இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். தொலைபேசிப் படத்தில் அந்த இடம் நிழலாகத்தான் விழுந்திருந்தது.

மனைவி மதாமின் பக்கம் திரும்பினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் கடித்துவிட்டுக் கடிக்கவில்லை என்று சொல்லும்போது பாவிக்கும் பிரெஞ்சு வந்தது.

"இது உண்மையில்லை. ஏன் பொய் சொன்னாய்?"

மதாமின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "நீ கோபம் என்று உன் கணவர் சொன்னார்," என்றார். "சால்வை வரையமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பொத்தானாவது வைக்கலாம் என்று நினைத்தேன். போன கிழமைதான் வைத்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று."

பிறகு நாற்காலியில் இருந்தார். அடுப்புக்கு மேலே இருந்த பென்சில் படத்தைப் பார்த்தார்.

"அப்போது பேராசிரியர் சொன்னார், கழற்றினேன். இப்போது எவரும் சொல்லவில்லை."

அதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். மனைவியும் அந்தத் துணி கட்டிய பெண்ணை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, மதாமின் முழங்கையைப் பிடித்தார்.

"எழும்பு. சரிப்படுத்து."

"நாளைக்கு வான் வருகிறது. காயாது," என்றார் மதாம்.

"எழும்பு."

மதாம் எழும்பினார். பின் எப்படி இருந்தது, எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்று கேட்டார். ஹவுஸ்கோட் கீழே உலரப் போட்டிருந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன். அதற்குள் மனைவி தோளில் கையை வைத்து, சேலை மடிப்பைப் பிடித்து வைத்திருந்த சட்டைப்பின்னைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது அதுதான். அதிலை இருந்து எடுத்துத்தான் இதுக்குக் குத்தினனான். வீட்டிலை நல்ல பின் ஒண்டுதான் இருக்கு."

மதாமுக்கு இதை மொழிபெயர்த்தபோது அவர் சத்தமாகச் சிரித்தார். மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அதன் பிறகு மனைவி சரியும் சேலைத் தலைப்பை ஒரு கையால் தோளோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார். மதாம் தட்டைக் கத்தியால் பொத்தானைச் சுரண்டி எடுத்தார். துணியால் துடைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வளைகோடு, அதன்மேல் இன்னொன்று, தலைப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. யன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மேப்பிள் மரம் மொட்டையாக நின்றது.

"கொஞ்சம் சரிஞ்சிருக்கும்," என்றார் மனைவி. மதாம் கொஞ்சம் சரித்தார்.

தூரிகையை வைத்துவிட்டு, அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். வழக்கமாகக் கேட்கும் கேள்வி இருக்கிறது. அது அதுவரை என் காதில் விழுந்ததில்லை. மனைவியைப் பார்த்து, மரியாதைக்குரிய பன்மையில், "மதாம், இது யார்?" என்றார்.

மனைவி தலைப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார். கல்யாண வீட்டு வீடியோவுக்கு நிற்பது போலத்தான்.

"ஓம், நான்தான்," என்றார். பிறகு மதாமுக்காக, "செ முவா."

படத்தைத் திருப்ப முடியாது, ஈரம். பின்பக்கம் போய்த்தான் எழுத வேண்டும். மதாம் பென்சிலை என்னிடம் நீட்டி, உங்கள் எழுத்தில் எழுது என்றார். நான் தாங்கிக்குப் பின்னால் போய் நின்று எழுதினேன்: ஆண்டவரைக் காணிக்கையாக அளித்த திருநாள். ஆண்டையும் எழுதினேன். அவருடைய படங்களில் தமிழில் நாள் போட்ட ஒரே படம் அது.

வான் வந்த காலையில் மண்டபத்துப் பெண் ஈர வர்ணத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். அந்தப் படத்தை மட்டும் பொதி செய்யாமல், நிமிர்த்தி, முன்னால் ஒருவர் பிடித்தபடி கொண்டுபோனார்கள். பிடித்தவர் என் மனைவி. குளிர்கோட்டும் தொப்பியுமாக வானின் பின்பக்கத்தில் ஏறி இருந்து, வழி நெடுக மெதுவாப் போ மெதுவாப் போ என்று சாரதியைப் பிள்ளைப் பிரெஞ்சில் அதட்டிக்கொண்டு போனார்.

திறப்பு விழாவுக்குக் கோயில் சனம் வந்தது. மனைவி பயந்தபடியே கதைத்தது. வாசலுக்கு எதிரே அந்தப் படம். இருவர் கைபிடித்துப் படியிறக்கிக் கொண்டுவந்த மதாம் அதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் இருந்தார். அடுப்புக்கு மேலே இருந்த பென்சில் படத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டச் செய்திருந்தார். அதன் குறிப்பில் "நாள் இல்லை" என்று நான் எழுதியிருந்தேன். ஒப்புதல் கிடைக்காத ஒரு படத்தை அவர் வெளியே வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான். காரணம் கேட்டேன். "அந்த எண்ணெய்ப் படத்தில் அவள் இல்லை. இதில் இருக்கிறாள். யாராவது அவளைத் தெரிந்தவர் வரலாம்," என்றார்.

மாதர் சங்கத்துப் பெண் ஒருவர் மனைவியின் காதோடு கேட்பதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஏன் அக்கா, ஒரு நல்ல சாறி கட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே?"

"கட்டிக்கொண்டுதான் முதல் இருந்தனான். அவ கீறேல்லை."

"ஐயோ, தெறிகூட இல்லாமல்..."

"கிட்டப் போய்ப் பாரும்," என்றார் மனைவி. "பின் தெரியுதோ? எப்பிடிச் சரிஞ்சு நிக்குது பாரும். அந்தப் பின்தான் இது." சேலைத் தோளைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண் படத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிற்பகல் முழுவதும் மனைவி அங்கிருந்து அசையவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பின்னைக் காட்டினார். பிரெஞ்சுக்காரருக்கும் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, நீல ஹவுஸ்கோட்டை எடுத்து மடியில் விரித்து, தையல் பெட்டியைத் திறந்தார். அலுமாரியில் எங்கேயோ கிடந்த ஒரு வெள்ளைப் பொத்தானைத் தேடி எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்துத் தைக்கத் தொடங்கினார்.

"இவ்வளவு நாளும் தைக்கேல்லை. இப்ப ஏன்?" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பின்தான் அங்கை படத்திலை இருக்கே," என்றார்.